காலின் குற்றமும் ஏட்டின் குற்றமும்

கால்பந்தாட்டத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் பந்திலிருந்து தொடங்குவதே வழக்கம். நாம் கணைக்காலிலிருந்து தொடங்குகிறோம். இவ்வாட்டத்துக்கு முதன்முதலில் பொதுச் சட்டம் வகுக்க முனைந்தபோது எழுந்த பெரும்பூசல்கள் இரண்டு. பந்தைக் கையில் ஏந்தி ஓடலாமா என்பது ஒன்று. எதிராளியின் கணைக்காலை வேண்டுமென்றே உதைக்கலாமா என்பது மற்றொன்று. நம் பேசுபொருள் இந்த இரண்டாவது பூசல்தான். அது இன்றுவரை முடிந்தபாடில்லை.

1863ஆம் ஆண்டு அக்டோபர் 26 அன்று இலண்டன் மாநகரின் ஃப்ரீமேசன்ஸ் விடுதியில் சில கழகங்களின் சார்பாளர்கள் கூடினர். இங்கிலாந்தின் கால்பந்துச் சங்கம் அன்று பிறந்தது. அவ்வாண்டு டிசம்பர் வரை நடந்த கூட்டங்களில் சட்ட வரைவு விவாதிக்கப்பட்டது. முதல் வரைவில் எதிராளியின் காலை உதைப்பதற்கு இடம் இருந்தது. 'ஹேக்கிங்' என்பது அதன் பெயர். பந்தோடு ஓடி வருபவனைக் கணைக்காலில் உதைத்து வீழ்த்துவது அன்றைய பள்ளிகள் சிலவற்றில் நெறியான ஆட்டமாகவே கருதப்பட்டது. சங்கச் செயலாளர் எபனேசர் கோப் மார்லி இதை நீக்க வேண்டும் என்றார். காலையில் வேலைக்குப் போக வேண்டிய வளர்ந்த மனிதர் எவரும் இப்படிப்பட்ட ஆட்டத்துக்கு வர மாட்டார், ஆட்டம் பள்ளிச் சிறுவரோடு நின்றுவிடும் என்பது அவர் தரப்பின் சாரம். பிளாக்ஹீத் கழகத்தின் கேம்ப்பெல் எதிர்த்தார். உதையை எடுத்துவிட்டால் ஆட்டத்தின் வீரமே போய்விடும், பிறகு ஒரு வாரம் பயிற்சி பெற்ற பிரெஞ்சுக்காரர்களைக் கொண்டுவந்தே உங்களைத் தோற்கடித்துக் காட்டுவேன் என்று அவர் எள்ளினார். வாக்கெடுப்பில் அவர் தரப்புத் தோற்றது. பிளாக்ஹீத் கழகம் சங்கத்தை விட்டு விலகிற்று.

கேம்ப்பெலைக் கொடியவர் என்று ஒதுக்கிவிட வேண்டாம் என வாசகர்களை வேண்டுகிறோம். நோவு அஞ்சாதவனே ஆட்டக்காரன் என்பது அவர் கட்சி. அக்கட்சிக்குப் பின்வந்த ஒவ்வொரு பதிற்றாண்டிலும் ஆள் இருந்தது, இன்றும் இருக்கிறது. ஆனால் வரலாறு ஒரு சிறு குறும்பு செய்தது. 1871இல் ரக்பி ஒன்றியம் அமைந்தபோது பிளாக்ஹீத் அதன் நிறுவன உறுப்பினர்களுள் ஒன்று. அந்த ஒன்றியமும் தன் சட்டத்தில் கணைக்கால் உதையைத் தடை செய்தது! கேம்ப்பெல் எந்த வீரத்துக்காக வெளியேறினாரோ அது எட்டாண்டுகளுக்குள் அவர் கழகம் போய்ச் சேர்ந்த வீட்டிலும் இடமின்றிப் போயிற்று.

சட்டம் எழுதப்பட்டதோடு உதை நின்றுவிடவில்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அது களத்தைத் தாண்டி நீதிமன்றத்துக்கும் வந்தது. 1878இல் லெஸ்டர் நகர நீதிமன்றத்தில் பிராட்ஷா என்பவர் மீது கொலைக்குற்ற வகையைச் சேர்ந்த வழக்கு நடந்தது. பந்தோடு முன்னேறிய எதிரணி வீரரை அவர் எகிறிச் சென்று முழங்காலால் வயிற்றில் மோதினார், அடிபட்டவர் இறந்துபோனார். ஆட்டத்தின் நடுவர்களுள் ஒருவர் தம் கண்ணுக்கு முறைகேடு எதுவும் தென்படவில்லை என்றே சான்று பகர்ந்தார். பிராட்ஷா விடுதலையானார். ஆயினும் நீதிபதி பிராம்வெல் அவ்வழக்கில் சான்றாயர்களுக்கு எடுத்துரைத்த கருத்துத்தான் இத்துறையின் முதற்கல். எந்த ஆட்டத்தின் விதியும் நாட்டின் சட்டம் தவறென்பதைச் சரியாக்கிவிட முடியாது. அதே வேளையில் ஒருவன் விதிக்கு உட்பட்டு ஆடினான் என்பது அவனிடம் கெட்ட நோக்கம் இல்லை என்று கொள்வதற்கு நல்ல சான்றாகலாம் என்பது அவர் கூற்றின் பொருள். 1898இல் மூர் என்பவர் மீது நடந்த வழக்கில், பின்னாலிருந்து முழங்கால்களால் பாய்ந்து எதிராளியின் சாவுக்குக் காரணமானவர் குற்றவாளி எனத் தீர்ப்பாயிற்று. இரு சாவுகள், இரு தீர்ப்புகள். இடையில் இருந்தது நோக்கம் என்னும் கண்ணுக்குத் தெரியாப் பொருள்.

இவ்விரு வழக்குகளுக்கும் நடுவே, 1885இல், இங்கிலாந்துச் சங்கம் ஊதியம் பெற்று ஆடுவதை ஏற்றுக்கொண்டது. இதன் பிறகு கேள்வியின் எடை மாறிவிடுகிறது. பொழுதுபோக்குக்கு ஆடுபவனின் கால் ஒடிந்தால் அவன் ஒரு மாதம் நொண்டுவான். ஆட்டமே பிழைப்பாய்க் கொண்டவனின் கால் ஒடிந்தால் அவன் வீட்டு உலை என்னாகும்? உழவனின் ஏரை ஒடிப்பதற்கும் அவனை ஏசுவதற்கும் உள்ள வேறுபாடு இது. வேறொரு மாற்றமும் நேர்ந்தது. எதிராளியின் கால் ஒடிந்தால் ஆதாயம் பெறுவோர் பெருகினர். வெற்றிக்குப் பணம் உண்டு, கோப்பைக்குப் பணம் உண்டு, பயிற்றுநரின் வேலை அதில் தொங்குகிறது. பகையே இல்லாமல் ஒருவனை முடமாக்குவதற்கான காரணம், தொழில்முறை ஆட்டத்தோடுதான் முழு உருவம் பெற்றது என்பது நம் துணிபு.

அதன் விளைவை உலகம் 1966இல் கண்டது. உலகக்கோப்பைக்கு இங்கிலாந்து வந்த பிரேசிலின் பெலே முதல் ஆட்டத்திலேயே பல்கேரியரிடம் உதை வாங்கினார். அடுத்து ஹங்கேரியுடனான ஆட்டத்தில் அவரால் இறங்க முடியவில்லை. பிரேசில் 3-1 எனத் தோற்றது. ஜூலை 19 அன்று லிவர்பூலின் குடிசன் பார்க் திடலில் போர்ச்சுகலோடு ஆட்டம். பெலேயை மொராயிஸ் ஒருமுறை தடுக்கினார். தடுமாறி எழுந்து ஓடியவரை அதே மூச்சில் மறுமுறையும் தடுக்கி வீழ்த்தினார். நடுவர் அவரை வெளியேற்றவில்லை. அன்று மாற்று ஆட்டக்காரர் என்னும் ஏற்பாடு உலகக்கோப்பையில் இல்லாததால், உலகின் தலைசிறந்த ஆட்டக்காரர் எஞ்சிய நேரத்தைக் களத்தில் நொண்டியபடி கழித்தார். பிரேசில் மீண்டும் 3-1 எனத் தோற்று ஊர் திரும்பிற்று. இனி உலகக்கோப்பையில் ஆடுவதில்லை என்று பெலே அறிவித்தார். (நல்லவேளையாக 1970இல் அந்த முடிவை அவரே மாற்றிக்கொண்டார்.)

1966க்குப் பின்னர்தான் நடுவரின் சட்டைப் பையில் மஞ்சள் அட்டையும் சிவப்பு அட்டையும் வந்து சேர்ந்தன. அவற்றை எண்ணிக் கண்டவர் கென் ஆஸ்டன் என்னும் ஆங்கிலேய நடுவர். 1962இல் சாந்தியாகோவில் சிலிக்கும் இத்தாலிக்கும் நடந்த ஆட்டத்தை, ஆட்டம் என்பதினும் அடிதடி என்பதே பொருந்தும், நடத்திக் களைத்தவர் அவர்தான். சாலைச் சந்திப்பில் போக்குவரத்து விளக்கைக் கண்டபோது அவருக்கு அந்த எண்ணம் தோன்றிற்றாம். 1970 மெக்சிகோ உலகக்கோப்பையில் அட்டைகளும் வந்தன, மாற்று ஆட்டக்காரரும் வந்தனர். அத்தொடரில் ஒருவர்கூட வெளியேற்றப்படவில்லை. சட்டம் தூங்கியதாலா, கால்கள் அடங்கியதாலா என்பதை வாசகர்களின் ஊகத்துக்கே விடுகிறோம்.

இனி நாம் சொல்ல வந்த விந்தைக்கு வருவோம்.

1982 ஜூலை 8, ஸ்பெயினின் செவில்லே நகரம். உலகக்கோப்பை அரையிறுதியில் மேற்கு ஜெர்மனியும் பிரான்சும் மோதின. இடைவேளைக்குப் பின் மாற்று ஆட்டக்காரராய் இறங்கிய பத்ரிக் பத்திஸ்தோன், முன்னே வந்த பந்தைத் துரத்தி ஓடி இலக்கை நோக்கி உதைத்தார். பந்து இலக்கு தவறி வெளியே போயிற்று. ஆனால் ஜெர்மன் இலக்குக் காவலர் ஹரால்ட் ஷூமாக்கரோ எதிரே பாய்ந்து வந்தவர் வந்தபடியே எகிறி, உடலைத் திருப்பி, பத்திஸ்தோனின் முகத்தில் இடித்தார். பத்திஸ்தோன் நினைவிழந்து கிடந்தார். பற்கள் உடைந்தன, முதுகெலும்பிலும் சேதம். அவர் இறந்துவிட்டார் என்றே அஞ்சியதாக அணித்தலைவர் பிளாட்டினி பின்னாளில் கூறினார். டச்சு நடுவர் சார்லஸ் கோர்வர் தவறு என்றுகூட ஊதவில்லை. பந்து வெளியே போனதால் ஜெர்மனிக்கு இலக்கு உதை வழங்கினார். அந்த உதையை எடுத்தவர் ஷூமாக்கர். ஆட்டம் 3-3 என முடிய, பெனால்டி உதைகளில் இரண்டைத் தடுத்து அணியை இறுதிக்கு இட்டுச் சென்றவரும் ஷூமாக்கரே. பற்கள் போன செய்தியைச் சொன்னபோது, அவ்வளவுதான் என்றால் பல் கட்டும் செலவைத் தாம் கொடுப்பதாக அவர் கூறியது பிரான்சைக் கொதிக்க வைத்தது. பின்னர் அவர் நேரில் சென்று மன்னிப்புக் கேட்டார், பத்திஸ்தோன் மன்னித்தார். ஆட்ட அமைப்புகளின் கை அவர்மேல் விழவில்லை. அடுத்த உலகக்கோப்பையில் அவர் அணித்தலைவராகவே களமிறங்கும் அளவுக்கு அவர் செல்வாக்கு வளர்ந்தது.

அதே ஷூமாக்கர் 1987இல் 'ஆன்ஃபிஃப்' என்னும் தன்வரலாற்று நூலை வெளியிட்டார். ஆட்டத் தொடக்கத்துக்கு ஊதும் ஊதல் என்பது அதன் பொருள். ஜெர்மன் ஆட்டக்காரரிடையே ஊக்கமருந்துப் பழக்கம் இருப்பதாக அதில் எழுதியிருந்தார். அவ்வளவுதான். நாட்டு அணியில் அவர் இடம் பறிபோயிற்று. பதினைந்தாண்டு ஆடிய கொலோன் கழகமும் அவரைக் கைவிட்டது. ஒரு மனிதரின் முகத்தைச் சிதைத்ததற்கு ஓர் ஊதல் ஒலியும் எழவில்லை. ஊதல் என்று பெயரிட்ட புத்தகத்துக்கு வாழ்க்கையே தண்டமாயிற்று.

இது ஒரு நாட்டின் ஒரு முறைத் தடுமாற்றம் என்றே நாமும் முதலில் நினைத்தோம். அப்படியன்று என்பதற்கு இங்கிலாந்து சாட்சி. 1992இல் வின்னி ஜோன்ஸ் என்னும் முரட்டு ஆட்டக்காரர், கால்பந்தின் 'கடின மனிதர்'களைப் பற்றிய ஓர் ஒளிநாடாவில் தோன்றி, எதிராளியை நோகச் செய்யும் உத்திகளை விளக்கினார். சங்கம் 20,000 பவுண்டு தண்டம் விதித்தது. ஆறு மாதத் தடையையும் மூன்றாண்டு நிறுத்திவைப்போடு அறிவித்தது. களத்தில் அவர் அந்த உத்திகளைச் செய்துகாட்டிய ஒவ்வொரு முறையும் கிடைத்தவை ஓர் அட்டை, சில ஆட்டத் தடை. சொல்லிக்காட்டியபோதுதான் சங்கத்துக்குச் சுருக்கென்றது.

செயலே தண்டிக்கப்பட்ட நிகழ்ச்சிகளும் உண்டு, மறைக்கவில்லை. 1983 செப்டம்பர் 24 அன்று பார்சலோனாவில் அத்லெட்டிக் பில்பாவோவின் கோய்கோசெயா பின்னாலிருந்து பாய்ந்து மரடோனாவின் இடக் கணுக்காலை ஒடித்தார். அவருக்கு 18 ஆட்டத் தடை விதிக்கப்பட்டு, மேல்முறையீட்டில் அது பெரிதும் குறைக்கப்பட்டது. மரடோனா மூன்று மாதங்களுக்கு மேல் ஆட முடியவில்லை. நோக்கத்தோடு செய்ததில்லை என்பதே கோய்கோசெயாவின் வாதம். ஆயினும் அன்று அணிந்திருந்த காலணியை அவர் தம் வீட்டில் கண்ணாடிப் பேழைக்குள் வைத்திருக்கிறார் என்று பலர் எழுதியுள்ளனர். இதை நாம் எப்படிப் பொருள்கொள்வது? நோக்கமின்றி நேர்ந்துவிட்ட பிழையின் கருவியைக் கண்ணாடிக்குள் வைப்போர் உலகில் அரிது. கிளாஸ்கோவில் டங்கன் ஃபெர்கூசன் 1994இல் ஒரு வீரரைத் தலையால் முட்டி, 1995இல் சிறைக்குச் சென்று 44 நாள் கழித்து மீண்டார். அவருக்கு முந்தைய வழக்குகள் இருந்தமையால் நீதிமன்றம் கடுமை காட்டிற்று. அவர் முட்டியதை நடுவர் அன்று காணவே இல்லை என்பது இதில் குறிப்பிடத்தக்கது.

ஆட்டவிதிகளும் இந்தக் காலத்தில் ஓசையின்றித் தம் உள்ளத்தை மாற்றிக்கொண்டன. அதுவரை பிழையாட்டம் பற்றிய விதியில் 'வேண்டுமென்றே' என்னும் சொல் இருந்தது. 1990களின் நடுப்பகுதியில் அச்சொல் நீக்கப்பட்டு, கவனமின்மை, பொறுப்பின்மை, அளவுமீறிய வலிமை என்னும் அளவைகள் இடம்பெற்றன. பின்னாலிருந்து பாய்ந்து ஆபத்து விளைவிப்போரை வெளியேற்ற வேண்டும் என்பது 1998இல் வந்தது. நடுவரைப் பார்த்து விதி சொன்னது இதுதான்: அவன் மனத்தில் என்ன இருந்தது என்று தேடாதே, அவன் கால் என்ன செய்தது என்று பார். நடைமுறைக்கு மிக நல்ல மாற்றம். அறநூல் நோக்கில் பார்த்தால் இது ஒரு பின்வாங்கல். உள்ளத்தைப் படிக்கும் வேலை தனக்கு ஆகாது என்று விதி ஒப்புக்கொண்டுவிட்டது. உள்ளத்தை ஒருவன் தானே திறந்து காட்டினால் என்ன செய்வது என்பதற்கு அதனிடம் விடை இல்லை.

அந்தக் கேள்வியோடு வந்தவர் ராய் கீன்.

1997 செப்டம்பரில் லீட்ஸ் நகரில் மான்செஸ்டர் யுனைடெட் ஆடியபோது, கீன் எதிரணியின் ஆல்ஃப் இங்கே ஹாலண்டைத் தடுக்கி வீழ்த்த முயன்றார். முயற்சியில் அவர் முழங்கால் நாணே அறுந்தது. நோவில் துடித்துக் கிடந்தவரின் தலைக்கு மேல் நின்று, நடிக்காதே, எழுந்திரு என்ற பொருள்பட ஹாலண்ட் கத்தினார். கீனுக்கு அந்தப் பருவம் முழுதும் போயிற்று. ஆர்சனல் ஒரே புள்ளி வேறுபாட்டில் பட்டத்தைத் தட்டிச் சென்றது. கால் ஒடிந்தது கீன் தாமே செய்த வினையால். அவர் மறக்காதது காலின் நோவையன்று, தலைமேல் விழுந்த சொல்லை.

2001 ஏப்ரல் 21. ஹாலண்ட் அப்போது மான்செஸ்டர் சிட்டியின் வீரர். ஓல்டு டிராஃபோர்டில் நகர அணிகள் இரண்டும் மோதிய ஆட்டம் முடியச் சில மணித்துளிகளே இருந்தன. யுனைடெட் ஒரு வாரத்துக்கு முன்பே பட்டத்தை உறுதி செய்துவிட்டது. இந்த ஆட்டத்தில் அதற்குப் பெறவோ இழக்கவோ பெரிதாய் எதுவுமில்லை. பந்தை அடைய ஓடிவந்த ஹாலண்டின் வலக்கால் முழங்காலை நோக்கிக் கீன் காலை உயர்த்திப் பாய்ந்தார். நடுவர் எல்லெரே சிவப்பு அட்டையை எடுக்கும் முன்பே கீன் திரும்பி நடக்கத் தொடங்கியிருந்தார். போகும்போது குனிந்து, விழுந்து கிடந்தவரிடம் சில சொற்கள் கூறினார். மூன்று ஆட்டத் தடை, 5,000 பவுண்டு தண்டம். கோப்பு மூடப்பட்டது.

அடுத்த ஆண்டு, 2002 ஆகஸ்டில், கீனின் தன்வரலாறு வெளிவந்தது. எழுதிக் கொடுத்தவர் ஈமன் டன்ஃபி என்னும் முன்னாள் ஆட்டக்காரர், இதழாளர். நீண்ட காலம் காத்திருந்து பழி முடித்ததாகவும், தமக்கு வருத்தமேதும் இல்லை என்றும் பொருள்படும் பத்தி அந்நூலில் இருந்தது. சங்கம் மூடிய கோப்பைத் திறந்தது. முன்கூட்டித் திட்டமிட்ட பழிவாங்கல் என்பது ஒரு குற்றச்சாட்டு. அதை நூலில் எழுதிப் பொருளீட்டியது மற்றொன்று. அக்டோபரில் தீர்ப்பு வந்தது: ஐந்து ஆட்டத் தடை, 1,50,000 பவுண்டு தண்டம். காலுக்கு ஐயாயிரம், கையெழுத்துக்கு அதன் முப்பது மடங்கு. விசாரணையில் டன்ஃபி தோன்றி, அப்பத்தியை அமைத்ததில் எழுத்தாளனுக்குரிய உரிமையைத் தாம் எடுத்துக்கொண்டதாகக் கூறினார். ஒரு வாக்கியம் யாருடையது, சொன்னவனுடையதா எழுதியவனுடையதா என்பது நம் இலக்கிய வகுப்புகளில் பேசப்படும் கேள்வி. அன்று அது ஆட்டச் சங்கத்தின் விசாரணை அறையில் ஒன்றரை இலட்சம் பவுண்டு மதிப்புள்ள கேள்வியாக நின்றது!

வஞ்சினக் காஞ்சி என்னும் துறையை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் கீனின் நினைவு நமக்கு வருவதுண்டு. தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியன் பகைவரை வெல்லேனாயின் தனக்கு இன்னின்ன இழிவு நேர்க எனச் சூளுரைக்கிறான். புலவர் தன் நாட்டைப் பாடாது நீங்குக என்பதும் அவற்றுள் ஒன்று. அந்தச் சூள் போருக்கு முன்னே, பலர் கேட்க, தன்னையே பணயம் வைத்து உரைக்கப்படுவது. பகைவனுக்கும் செய்தி போய்ச் சேரும்; அவன் காப்போடு வரலாம். கீனின் வஞ்சினமோ மூன்றரை ஆண்டு நெஞ்சுக்குள் இருந்தது. காப்பில்லாத முழங்காலைக் கண்டபோது வெளிப்பட்டது. அதன் பின்னரே ஏட்டுக்கு வந்தது. பாரதத்தின் வீமன் கீனுக்கு நெருங்கியவன். அவையில் சூளுரைத்தவன்தான் எனினும், கதாயுதப் போரில் இடைக்குக் கீழே அடிக்கலாகாது என்ற நெறியை மீறித் துரியோதனன் தொடையைப் பிளந்தான். அதைக் கண்டு கலப்பையை ஓங்கிய பலராமனின் சினம், வீமனின் கட்சி நியாயமானது என்று அறிந்தோரையும் இன்றுவரை உறுத்துகிறது.

கீனுக்கு நியாயம் செய்ய வேண்டுமானால் மருத்துவக் குறிப்பையும் சொல்லியாக வேண்டும். ஹாலண்டின் ஆட்டவாழ்வைக் கீன் முடித்துவிட்டார் என்று உலகெங்கும் எழுதப்பட்டுவிட்டது. அடிபட்டது வலக்கால், ஹாலண்டைத் தொல்லைப்படுத்தி அறுவைச் சிகிச்சைக்குக் கொண்டு சென்றது இடக்கால் முழங்கால். அந்த ஆட்டம் முடிந்த சில நாட்களில் அவர் நார்வே அணிக்காக ஆடவும் செய்தார். மான்செஸ்டர் சிட்டி கழகம் வழக்குத் தொடுக்க எண்ணி, மருத்துவச் சான்று துணை நிற்காத நிலையில் அதைக் கைவிட்டது. 2003இல் ஹாலண்ட் ஓய்வுபெற்றார். (லீட்ஸில் பிறந்த அவர் மகன் எர்லிங் 2022 முதல் தந்தை ஆடிய அதே மான்செஸ்டர் சிட்டிக்கு ஆடி இலக்குகளைக் குவித்து வருவதை வாசகர்கள் அறிவர்.)

ஆக, நம்முன் இருவர் நிற்கின்றனர். நோக்கம் இல்லை என்று சாதித்தும் எதிராளியின் கணுக்காலை உண்மையிலேயே ஒடித்த கோய்கோசெயா. நோக்கம் இருந்தது என்று எழுதியும் ஒடிக்காமல் போன கீன். எவர் குற்றம் பெரிது? விளைவைக் கொண்டு அளந்தால் ஒரு விடை, உள்ளத்தைக் கொண்டு அளந்தால் மற்றொன்று. ஒடிவதும் ஒடியாததும் தரையில் கால் ஊன்றியிருந்ததா, அந்தரத்தில் இருந்ததா என்னும் நொடிப்பொழுது விபத்தைப் பொறுத்தவை. அந்த விபத்தின் தயவில் ஒருவன் நல்லவனாகிவிடுவதை நம்மால் ஏற்க இயலவில்லை.

2014இல் வெளிவந்த இரண்டாம் தன்வரலாற்றில் கீன் ஒரு வேறுபாட்டை முன்வைத்தார். இம்முறை துணையெழுத்தாளர் நாவலாசிரியர் ராடி டாய்ல். ஹாலண்டை நோகச் செய்ய விரும்பினேன், அதற்காக வருந்தவில்லை. ஆனால் ஊனப்படுத்த விரும்பவில்லை என்பது அதன் சாரம். ஆட்டக்காரர் பலர் இதைக் கேட்டுத் தலையசைப்பர். பந்தை எடுத்தால் நோகும் என்று எதிராளிக்குத் தெரிவிப்பது தொழிலின் எழுதாச் சட்டம் என்பர். நோவுக்கும் ஊனத்துக்கும் இடையே கோடு உண்டு என்பதை நாமும் மறுக்கவில்லை. கோட்டை வரைவது யார் கையில் உள்ளது என்பதே நம் கேள்வி. ஓடிவரும் ஒரு மனிதனின் முழங்காலை நோக்கி முழு விசையோடு கால் பாய்ந்த பிறகு, இத்தனை பங்கு நோவு போதும், நாண் அறுவதற்குச் சற்று முன் நிறுத்திக்கொள்கிறேன் என்று அந்தக் காலால் கணக்குப் பார்க்க முடியுமா? களத்தில் இறங்குபவன் அடிபட நேரலாம் என்பதற்கு உடன்பட்டே இறங்குகிறான். தன்னை அடிப்பதே ஒருவனின் வேலையாக இருப்பதற்கு அவன் உடன்படவில்லை. கீனின் வேறுபாடு கீனின் நெஞ்சுக்கு ஆறுதல் தரலாம், ஹாலண்டின் முழங்காலுக்கு அதனால் பயனேதும் இல்லை.

அமெரிக்கர் கால்பந்து என்றழைக்கும் வேறோர் ஆட்டத்தில் இந்த நோக்கத்துக்கு விலைப்பட்டியலே இருந்தது. நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் அணியில் 2009 முதல் 2011 வரையான பருவங்களில் தடுப்பாட்டக்காரர்களுக்கு ஒரு பொது நிதி இயங்கியதாகவும், எதிராளி ஆட்டத்தைத் தொடர முடியாமற் போனால் 1,500 டாலர், வண்டியில் தூக்கிச் செல்லப்பட்டால் 1,000 டாலர் வழங்கப்பட்டதாகவும் அந்நாட்டுத் தேசியக் கால்பந்து லீக் 2012 மார்ச்சில் அறிவித்தது. தலைமைப் பயிற்றுநர் ஷான் பேட்டன் ஒரு பருவம் முழுதும் தடைசெய்யப்பட்டார். நால்வர்க்கு விதித்த ஆட்டக்காரர் தடைகளை அவ்வாண்டு டிசம்பரில் முன்னாள் ஆணையர் டாக்லியபூ நீக்கினார். குற்றம் நடக்கவில்லை என்று அவர் கூறவில்லை. பொறுப்பைப் பயிற்றுநர்கள்மேலும் நிறுவனத்தின்மேலும் வைத்தார். கூலிக்கு அடிப்பவனையும் ஏவுபவனையும் பிரித்துப் பார்த்த இந்தத் தீர்ப்பு, ஐரோப்பியக் கால்பந்தின் கோப்புகளில் காணக்கிடைக்காத ஒன்று. ஷூமாக்கரானாலும் கோய்கோசெயாவானாலும் அவர்களை அனுப்பிய பயிற்றுநர்களை எவரும் கேள்வி கேட்டதில்லை.

இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2004இல் பார்ன்ஸ் என்பவர் வழக்கில், ஆட்டக்களத்துப் பிழைகள் பெரும்பாலும் ஆட்டச் சங்கங்களாலேயே தீர்க்கப்பட வேண்டும், குற்றவியல் வழக்கு மிகக் கொடியவற்றுக்கு மட்டுமே உரியது என்று தலைமை நீதிபதி வுல்ஃப் வாயிலாகக் கூறிற்று. அறிவார்ந்த தீர்ப்பே. ஆனால் அது சங்கங்களின் தராசை நம்புகிறது. அந்தத் தராசு எப்படிச் சாய்ந்தது என்பதைத்தான் இதுவரை கண்டோம். செயலைக் கண்டும் காணாமல் இருந்தவர்கள் சொல்லைக் கண்டு கொதித்தனர். சொல் அவர்களையும் சேர்த்துக் காட்டிக்கொடுத்தது என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் நமக்குத் தோன்றவில்லை. தன் குற்றத்தை விற்றுப் பணம் பண்ணுவது அருவருப்பானது, ஐயமில்லை. ஆயினும் வாய் திறந்தவனுக்கு முப்பது மடங்கு என்றால், அடுத்தவன் கற்றுக்கொள்வது உதைக்காமல் இருப்பதையா, எழுதாமல் இருப்பதையா?

கீனுக்கு விதிக்கப்பட்ட அந்த ஐந்து ஆட்டத் தடை 2002 நவம்பர் தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்தது. அவர் அப்போது இடுப்பு அறுவைச் சிகிச்சை முடிந்து ஓய்வில் இருந்தார். தடைக்காலம் அந்த ஓய்விலேயே கழிந்தது.